பாட்டிலைத் தேடி அலையும் பர்பன் நண்பர்களுக்கு



ஒஹாயோ ஆற்றின் இரு கரைகளிலும், சிகாகோ, டெட்ராய்ட் பக்கமும், இன்னும் தள்ளியும் இருந்துகொண்டு பர்பன் பாட்காஸ்ட் கேட்கிற தமிழர்களுக்கு இந்த மடல். அலுவலகத்துக்குக் கார் ஓட்டும்போது கேட்கிறீர்கள், வாசலில் பனி தள்ளும்போது கேட்கிறீர்கள், பிள்ளையை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுப் பார்க்கிங்கில் உட்கார்ந்து கேட்கிறீர்கள். வார இறுதியில் யார் வீட்டிலாவது கூடினால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். வெளியிலிருந்து புத்தி சொல்ல வந்தவனாக என்னை நினைக்க வேண்டாம்.

எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க விஸ்கியோடு புழங்கிய ஒருவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார். ஈஸ்ட் பற்றிச் சொல்கிறார், மரத்தைப் பற்றிச் சொல்கிறார், கிடங்கின் மேல்மாடி ஆகஸ்ட் மாதத்தில் எப்படித் தகிக்கும் என்று சொல்கிறார். மறுநாள் காலை நம் வாட்ஸ்அப் குழுவில் வரும் முதல் செய்தி: “கடைசியில் சொன்னாரே ஒரு பாட்டில், அது எந்தக் கடையில இருக்கு?” அவ்வளவு பேச்சிலிருந்தும் நாம் எடுத்துக்கொண்டது ஒரு பெயரும் ஒரு விலையும்.

அந்தப் பேச்சில் பாட்டிலைவிடப் பெரிய சமாச்சாரங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் காது கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். குடிக்காதவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். நம் நண்பர்களில் சிலர் ஒரு சொட்டும் தொடாமல் எபிசோட் தவறாமல் கேட்கிறார்கள்; விஷயம் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது.

நாம் வளர்ந்த ஊரில் மதுவைப் பற்றி ஒன்று ஒளித்துப் பேசுவார்கள், இல்லையென்றால் சவடாலாகப் பேசுவார்கள். அது எதிலிருந்து வந்தது, யார் காய்ச்சினார்கள் என்று கேட்கிற வழக்கமே கிடையாது. இந்தியாவில் வெகுகாலம் விஸ்கி என்று விற்றதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடித்த ஸ்பிரிட்டை அடிப்படையாகக் கொண்டது. லேபிளைப் படித்து அதைத் தெரிந்துகொண்டவர்கள் அபூர்வம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த நமக்கு, பர்பன் என்ற ஒரு பெயரைப் போட்டுக்கொள்ள இத்தனை சட்டமா என்பதே முதல் ஆச்சரியமாக இருந்திருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

நிபந்தனைகளை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். தானியக் கலவையில் மக்காச்சோளம் குறைந்தது 51 சதவீதம். வடிக்கும்போது 160 ப்ரூஃபை, அதாவது 80 சதவீத ஆல்கஹாலைத் தாண்டக்கூடாது. மரத்துக்குள் போகும்போது 125 ப்ரூஃபுக்கு மேல் இருக்கக்கூடாது. உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக்கில்தான் ஊற வேண்டும். தண்ணீர் தவிர வேறெதுவும், நிறமோ மணமோ, சேர்க்கக்கூடாது. பாட்டிலில் 80 ப்ரூஃபுக்குக் குறையக்கூடாது. கென்டக்கியில்தான் காய்ச்ச வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அமெரிக்காவுக்குள் எங்கும் காய்ச்சலாம். பர்பன் அமெரிக்காவுக்கே உரிய சரக்கு என்று 1964இல் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது.

இவற்றை மனப்பாடமாக ஒப்பிக்க நம்மில் பலருக்குத் தெரியும். ஏன் என்று கேட்டிருக்கிறோமா? நல்ல வல்லுநர் ஏன் என்பதைச் சொல்கிறார், நாம் அந்த இடத்தில்தான் கவனத்தை விடுகிறோம். வடிக்கும் ப்ரூஃப் ஏற ஏறத் தானியத்தின் ருசி குறைந்துகொண்டே போகும், கடைசியில் வெறும் ஆல்கஹால்தான் மிஞ்சும். பீப்பாயில் ஊற்றும்போது தண்ணீர் கூடுதலாக இருந்தால் மரத்தின் சர்க்கரை நன்றாகக் கரைந்து வரும், ஏனென்றால் சர்க்கரை தண்ணீரில்தான் கரையும். ஆனால் தண்ணீர் கூடினால் அதே அளவு சரக்குக்குப் பீப்பாய் அதிகம் வேண்டும், செலவு ஏறும். மேக்கர்ஸ் மார்க் 110 ப்ரூஃபிலேயே ஊற்றுகிறது, வைல்டு டர்க்கி 115இல் ஊற்றுகிறது. ஒவ்வொரு ஆலையும் இந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் கணக்குப் பிள்ளைக்கும் காய்ச்சுகிறவருக்கும் நடக்கும் இழுபறி இருக்கிறது. பாட்டில் விலையைவிட எனக்கு இது சுவாரசியம்.

சட்டங்களிலேயே என் மனத்துக்கு நெருக்கமானது 1897ஆம் ஆண்டின் பாட்டில்டு-இன்-பாண்ட் சட்டம். பாட்காஸ்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் முன்னோக்கித் தள்ளிவிடாதீர்கள். அன்றைக்கு ரெக்டிஃபையர்கள் என்று ஒரு வியாபாரக் கூட்டம் இருந்தது. மணம் குணம் இல்லாத ஸ்பிரிட்டை வாங்கி, அதில் கொஞ்சம் நிஜ விஸ்கி கலந்து, ப்ரூன் பழச்சாறும் கருக்கிய சர்க்கரையும் இன்னும் கேட்டால் வயிற்றைக் கலக்கும் சாமான்களும் சேர்த்து, பழைய பர்பன் என்று விற்றார்கள். மருந்து விற்பனையில் இருந்த ஜார்ஜ் கார்வின் பிரவுன் 1870இல் ஓல்டு ஃபாரஸ்டரை மூடி முத்திரையிட்ட பாட்டிலில் மட்டுமே விற்கத் தொடங்கியதற்கு அந்தக் கலப்படப் பயம்தான் காரணம். மருத்துவர் நோயாளிக்கு எழுதிக்கொடுக்கும் விஸ்கியில் என்ன இருக்கிறது என்று மருத்துவருக்கே தெரியாத காலம் அது.

கர்னல் எட்மண்ட் ஹேய்ன்ஸ் டெய்லர் ஜூனியர் போன்ற ஆலைக்காரர்கள் வாஷிங்டன் வரை போய் நின்றதில்தான் அந்தச் சட்டம் வந்தது. ஒரே ஆலை, ஒரே பருவம், அரசாங்கக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு, சரியாக 100 ப்ரூஃப். எந்த ஆலையில் காய்ச்சியது என்று லேபிளில் போட்டே ஆக வேண்டும். சுத்தமான உணவுக்கும் மருந்துக்குமான கூட்டரசுச் சட்டம் 1906இல்தான் வந்தது. அதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே, வாங்குகிறவன் ஏமாறக்கூடாது என்று இந்த ஒரு சரக்குக்கு அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்துவிட்டது. டெய்லருக்கு இதில் வியாபார லாபமும் இருந்தது. இருந்தாலும் நான் அவரைப் பெரிய மனிதர் என்றே சொல்வேன்.

இன்றும் கடையின் கீழ்த்தட்டில் அந்த வாசகத்தோடு பாட்டில்கள் நிற்கின்றன. எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் இருபது டாலரை ஒட்டிய விலைதான். கடைக்குப் போகும் நாம் அதைத் தாண்டி, பூட்டிய கண்ணாடி அலமாரிக்கு முன்னால்தான் போய் நிற்கிறோம்.

லேபிள் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. என் வீட்டிலிருந்து, அதாவது சின்சினாட்டியிலிருந்து, மேற்கே அரை மணி நேரம் ஓட்டினால் இந்தியானா மாநிலத்தின் லாரன்ஸ்பர்க் வரும். ஆற்றோரம் செங்கல் கட்டடங்களாக ஒரு பெரிய ஆலை. 1847இல் தொடங்கிய இடம். நெடுங்காலம் சீக்ராம் கையில் இருந்தது. 2011இல் எம்ஜிபி என்ற நிறுவனம் வாங்கியது. நாடு முழுக்க எத்தனையோ பிராண்டுகள் இங்கே காய்ச்சியதை வாங்கித்தான் தம் பெயரை ஒட்டி விற்கின்றன. உங்கள் அலமாரியில் இருக்கும் பாட்டில்களை ஒருநாள் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் குதிரை, மலை, தாடி வைத்த ஒரு பெரியவர். பின்பக்கம் அடியில், பார்கோடுக்குப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் “டிஸ்டில்டு இன் இந்தியானா” என்று இருக்கும். “டிஸ்டில்டு பை” என்று இல்லாமல் “பாட்டில்டு பை” என்றோ “ப்ரொட்யூஸ்டு பை” என்றோ இருந்தால் இன்னும் கவனமாகப் படியுங்கள்.

அந்த ஆலையில் காய்ச்சும் சரக்கு தரமானது. வாங்கி விற்பதும் தவறில்லை, விஸ்கி வியாபாரம் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆலையே இல்லாதவர் தாத்தா காலத்து ரெசிபி என்று கதை கட்டி அதற்கு இருபது டாலர் கூட்டி வாங்குவதுதான் தவறு. வல்லுநர் ஒரு பாட்டிலைப் புகழும்போது அதைக் காய்ச்சியது யார் என்று சொல்கிறாரா, அந்த எபிசோடுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று சொல்கிறாரா என்று பாருங்கள். இரண்டையும் தானாகவே சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விடாதீர்கள்.

கென்டக்கியிலும் ஒரு லாரன்ஸ்பர்க் இருக்கிறது. வைல்டு டர்க்கியும் ஃபோர் ரோசஸும் அங்கேதான். வைல்டு டர்க்கியின் ஜிம்மி ரஸல் 1954இல் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் மகன் எடியும் அதே ஆலையில் மாஸ்டர் டிஸ்டில்லர் ஆனார். ஃபோர் ரோசஸில் இரண்டு தானியக் கலவை, ஐந்து ஈஸ்ட், ஆகப் பத்து வகைப் பர்பன் காய்ச்சுகிறார்கள். சிங்கிள் பேரல் பாட்டிலில் நான்கு எழுத்து இருக்குமே, ஓ-பி-எஸ்-வி, ஓ-ஈ-எஸ்-கே என்று, அது இந்தக் கணக்குதான். இரண்டாவது எழுத்து பி என்றால் ரை தானியம் கூடுதலான கலவை, ஈ என்றால் குறைவான கலவை. கடைசி எழுத்து ஈஸ்ட்டின் அடையாளம். ஒரே தண்ணீர், ஒரே ஆலை, ஒரே கலவை. ஈஸ்ட் மட்டும் மாறினால் பழ வாசனை ஒன்றில், மசாலா நெடி இன்னொன்றில். ஒரு ஆலை தன் உள்கணக்கை இப்படி வெளியே எழுதி வைத்திருப்பது எவ்வளவு பெரிய மரியாதை! அதைப் படிக்கத் தெரிந்துகொள்ள அரைமணிப் பேச்சு போதும். எந்தப் பாட்டிலையும் தேடி அலைய வேண்டாம்.

இனி கிடங்கு. கென்டக்கிக்காரர்கள் ரிக்ஹவுஸ் என்பார்கள். நீங்கள் சுற்றுலா போனபோது உள்ளே போயிருப்பீர்கள், ஆனால் படம் எடுப்பதில் பாதி நேரம் போயிருக்கும். அடுத்த முறை செல்போனைப் பையில் போட்டுவிட்டு நில்லுங்கள். ஐந்து, ஆறு, ஏழு மாடி உயரத்துக்கு மரச்சட்டங்கள், ஒவ்வொரு மாடியிலும் மூன்று அடுக்காகப் படுத்திருக்கும் பீப்பாய்கள். கட்டடத்தின் சுவர் பெரும்பாலும் வெறும் தகரம்தான்; பாரம் முழுவதையும் அந்த மரச்சட்டங்களே தாங்குகின்றன. நடுவே மேலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்கும். நம் ஊர்க் கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பாரே, அதே தூக்குக்குண்டு. ஒரு பக்கத்திலிருந்து பீப்பாய்களை அதிகமாக எடுத்துவிட்டால் கட்டடமே சாயும். குண்டு தன் குறியிலிருந்து நகர்ந்தால் உடனே சரிசெய்தாக வேண்டும். சும்மா சொல்லவில்லை. 2018 ஜூனில் பார்ட்ஸ்டவுனின் பார்ட்டன் ஆலையில் ஒரு கிடங்கின் பாதி இடிந்து விழுந்தது, இரண்டு வாரத்தில் மீதிப் பாதியும் விழுந்தது. ஓடையில் மீன்கள் செத்து மிதந்தன.

வெயில் காலத்தில் சரக்கு விரிந்து மரத்துக்குள் ஏறுகிறது. குளிரில் சுருங்கி வெளியே வருகிறது. போகும்போதும் வரும்போதும் கருகிய பகுதிக்குப் பின்னால் இருக்கும் செம்படலத்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. நிறம் அங்கிருந்து வருகிறது, வனிலா வாசனை மரத்தின் லிக்னினிலிருந்து வருகிறது. மேல்மாடியின் உலர்ந்த வெக்கையில் ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆகவே ப்ரூஃப் ஏறும். கீழ்மாடியின் குளிர்ச்சியில் அப்படி ஏறுவதில்லை. ஸ்காட்லாந்தின் ஈரக்குளிரில் வருடம் போகப்போக இறங்கத்தான் செய்யும். ஒரே நாளில் ஒரே குழாயிலிருந்து நிரப்பிய இரண்டு பீப்பாய்கள் ஏழாம் மாடியிலும் முதல் மாடியிலும் எட்டு வருடம் இருந்தால் அவை இரண்டும் ஒன்றல்ல. ‘சிங்கிள் பேரல்’ என்ற பேச்சுக்குப் பொருள் இதுதான். மாஸ்டர் டிஸ்டில்லர் எல்மர் டி. லீ 1984இல் பிளான்டன்ஸ் என்ற பர்பனைக் கொண்டுவந்தபோது குறிப்பிட்ட ஒரு கிடங்கிலிருந்து பீப்பாய்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும் பழைய வழக்கத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நாம் என்ன செய்கிறோம்? மூடியில் இருக்கும் குதிரைச் சிலைகளைச் சேகரிக்கிறோம்.

ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம் வரை ஆவியாகிப் போகிறது. தேவதைகளின் பங்கு என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஆவியைத் தின்று வளரும் பவுடோயினியா என்ற பூஞ்சை கிடங்கின் சுவர்களிலும் அக்கம்பக்கத்து வீடுகளின் கூரையிலும் மரங்களிலும் கரியாக அப்புகிறது. வீட்டைக் கழுவிக் கழுவி அலுத்தவர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். தேவதைகளைப் பற்றிப் பேசாத எபிசோடே இல்லை. இந்த வீட்டுக்காரர்களைப் பற்றி வெகு அபூர்வமாகத்தான் பேசுகிறார்கள். ஊறும் பீப்பாய்களுக்குக் கென்டக்கி ஆண்டுதோறும் வரி போடுகிறது. அந்தப் பணத்தில் பல சிற்றூர்களின் பள்ளிக்கூடமும் தீயணைப்பு நிலையமும் நடக்கின்றன. அந்த வரியை 2026 தொடங்கி 2043க்குள் படிப்படியாக நீக்க 2023இல் சட்டம் வந்துவிட்டது. இந்தப் பேச்சும் வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

ருசி வர்ணனையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பேச்சிலேயே எனக்குக் குறைவாகப் பயன்பட்ட பகுதி அதுதான். பழைய தோல், மேப்பிள், கிரஹாம் பிஸ்கட் என்று வல்லுநர்கள் தாங்கள் வளர்ந்த சமையலறையைச் சொல்கிறார்கள். ஓக்கிலிருந்து வரும் லாக்டோன் என்ற சேர்மத்துக்குத் தேங்காய் வாசனை. நமக்கு அது கொப்பரை. அப்படியே சொல்லுங்களேன். ஆனால் ஜிம் பீமின் புக்கர் நோ பழக்கிய ஒரு முறையை மட்டும் கற்றுக்கொள்ளலாம்: வாயில் எடுத்த துளியை உடனே விழுங்காமல் மெல்லுகிற மாதிரி நாக்கு முழுக்கப் புரட்டுவது. கென்டக்கி மெல்லல் என்கிறார்கள். அப்படிச் செய்தால் கொஞ்சத்திலேயே நிறையத் தெரியும். கொஞ்சத்தோடு நிறுத்தவும் முடியும்.

இப்போது வேட்டைக்கு வருகிறேன். பாப்பி வான் விங்கிள் பெயரைக் கேட்டாலே நம் குழுவில் ஒரு பரபரப்பு. அது கோதுமைப் பர்பன், அதாவது ரைக்குப் பதில் கோதுமை சேர்த்தது. அந்தப் பெயரின் புகழுக்கு வேராக இருந்த ஸ்டிட்ஸல்-வெல்லர் ஆலை 1935இல் லூயிவில் பக்கம் திறந்தது, 1992இல் காய்ச்சுவதை நிறுத்தியது. 2002 முதல் வான் விங்கிள் சரக்கு பஃபலோ ட்ரேஸ் ஆலையில்தான் காய்ச்சப்படுகிறது. பஃபலோ ட்ரேஸின் வெல்லரும் அதே வகைக் கோதுமைக் கலவைதான் என்று பேச்சு பரவியதும் என்ன ஆயிற்று? சாதாரண விலையில் கேட்பாரற்று நின்ற வெல்லர் அலமாரியிலிருந்து மறைந்தது. ஒரு நல்ல தகவல், கேட்டவர்கள் கையில் ஊக வியாபாரமாக மாறியது. 2013இல் பஃபலோ ட்ரேஸ் ஆலையிலிருந்து பாப்பி பாட்டில்கள் திருடு போயின. உள்ளே வேலை பார்த்தவர்கள் வரை வழக்கு போனது.

நம்மிலும் சிலர் கடைக்குச் சரக்கு லாரி வரும் கிழமையைத் தெரிந்துவைத்து, விடியலில் வரிசையில் நிற்கிறீர்கள். சிலர் வாங்கி அடுக்கிவைத்து, திறக்காமல், மூன்று மடங்கு விலைக்கு யாருக்கோ கைமாற்றுகிறீர்கள். உரிமம் இல்லாமல் அப்படி விற்பது பெரும்பாலான மாநிலங்களில் சட்டத்துக்குப் புறம்பானது. அதைவிட என்னை உறுத்துவது வேறு. எட்டு, பத்து வருடம் ஒருவர் காத்திருந்து எடுத்ததை நாம் மூடியைக்கூடத் திறக்காமல் டாலர்க் கணக்காக ஆக்குகிறோம். ஜிம்மி ரஸலோ எல்மர் லீயோ உழைத்தது திறந்து ஊற்றுவதற்குத்தான். நண்பர்கள் வரும்போது திறந்துவிடுங்கள்.

பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பர்பனைக் கண்டுபிடித்தவர் எலைஜா கிரெய்க் என்ற பாப்டிஸ்ட் போதகர், தீப்பிடித்த பீப்பாயை வீணாக்காமல் அதில் விஸ்கி ஊற்றினார் என்று ஒரு கதை சுற்றுகிறது. ரிச்சர்ட் காலின்ஸ் 1874இல் வெளியிட்ட கென்டக்கி வரலாற்றில் முதல் பர்பன் 1789இல் ஜார்ஜ்டவுனில் ஒரு துணி ஆலையில் காய்ச்சப்பட்டது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஆலை கிரெய்க்குடையது என்பதால் பெருமை அவருக்குப் போனது. கருக்கிய பீப்பாயை ஒரு தனி மனிதர் ஒருநாள் கண்டுபிடித்தார் என்பதற்குச் சான்று கிடையாது என்று மைக்கேல் வீச் போன்ற வரலாற்றாசிரியர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கிரெய்க் அடிமைகளை வைத்திருந்தவர். அன்றைய கென்டக்கியில் காய்ச்சிய, விறகு வெட்டிய, பீப்பாய் உருட்டிய கைகளில் பல அடிமைகளின் கைகள். பாட்டிலில் அவர்கள் பெயர் வரவில்லை.

பக்கத்து டென்னஸியில் ஒரு பெயர் மட்டும் மேலே வந்தது. லிஞ்ச்பர்க் அருகே டேன் கால் என்பவரின் பண்ணையில் இருந்த நேதன் கிரீன், நியரஸ்ட் என்று எல்லோரும் அழைத்தவர், சிறுவனாக வந்த ஜேக் டேனியலுக்குக் காய்ச்சக் கற்றுக்கொடுத்தவர். அடிமையாக இருந்தவர். விடுதலைக்குப் பிறகு டேனியலின் ஆலையில் காய்ச்சும் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஊருக்குள் தெரிந்த இந்த விஷயம் உலகத்துக்குத் தெரிய 2016இல் நியூயார்க் டைம்ஸில் கிளே ரைசன் எழுத வேண்டியிருந்தது.

கென்டக்கியில் பஃபலோ ட்ரேஸைச் சுற்றிக் காட்டும் ஃப்ரெடி ஜான்சனின் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? அவர் தாத்தா அங்கே வேலை பார்த்தார், அப்பா அங்கே கிடங்குப் பொறுப்பாளராக உயர்ந்தார், மூன்றாம் தலைமுறையாக இவர். எந்தக் கசிவை எப்படி அடைப்பது, எந்தப் பீப்பாயை எங்கே வைப்பது என்று ஒரு கறுப்பினக் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கையில் வைத்திருந்த அறிவு அது. 2018இல் வந்த ‘நீட்’ என்ற ஆவணப்படத்தில் அவர் பேசுவதைப் பாருங்கள். பெண்களையும் அப்படித்தான் தேட வேண்டும். முந்தைய வடிப்பில் மிஞ்சியதைக் கொஞ்சம் அடுத்த தானியக் கூழான மேஷில் சேர்க்கும் சவர் மேஷ் முறைக்கு ஜேம்ஸ் க்ரோ என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பெயரைச் சொல்வார்கள். க்ரோ கென்டக்கிக்கு வரும் முன்பே, 1818 வாக்கில், கேத்தரின் கார்பென்டர் என்ற பெண் அந்தச் செய்முறையை எழுதிவைத்திருக்கிறார். காகிதம் கென்டக்கி வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. மேக்கர்ஸ் மார்க்கின் சிவப்பு மெழுகும் பாட்டில் வடிவமும் நிறுவனரின் மனைவி மார்ஜி சாமுவேல்ஸ் தன் வீட்டுச் சமையலறையில் செய்து பார்த்தவை. ஃப்ரெட் மின்னிக் 2013இல் வெளியிட்ட ‘விஸ்கி விமன்’ புத்தகம் முழுக்க இப்படிப்பட்ட பெண்கள்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பேச்சு ஒன்று உண்டு. 1996 நவம்பர் 7, பார்ட்ஸ்டவுனில் ஹெவன் ஹில் ஆலையில் தீ. பலத்த காற்றில் ஒரு கிடங்கிலிருந்து அடுத்ததற்கு என்று ஏழு கிடங்குகள் எரிந்தன, 90,000 பீப்பாய்களுக்கு மேல் போயிற்று, ஆலையும் போயிற்று. எரியும் விஸ்கி சரிவில் ஆறாக ஓடியதைப் பார்த்தவர்கள் சொல்லும்போது குரல் மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். உயிர்ச்சேதம் இல்லை. அதன் பிறகு போட்டி ஆலைகளான ஜிம் பீமும் பிரவுன்-ஃபோர்மனும் தங்கள் இடத்தில் ஹெவன் ஹில்லுக்காகக் காய்ச்சிக் கொடுத்தன. 1999இல் லூயிவிலின் பெர்ன்ஹைம் ஆலையை வாங்கித்தான் அவர்கள் மீண்டும் சொந்தமாகக் காய்ச்சினார்கள். அந்த நாளில் அங்கே இருந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. பாட்காஸ்ட் என்ற ஒன்று இருப்பதால்தான் அவர்கள் சொல்வது அவர்கள் குரலிலேயே பதிவாகிறது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. காற்று மாறிவிட்டது. வோட்கா பக்கம் ஜனங்கள் போன எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பர்பன் விற்காமல் தேங்கிக் கிடந்தது. இன்று மறுபடியும் கென்டக்கிக் கிடங்குகளில் அந்த மாநிலத்து ஜனத்தொகையைவிடப் பல மடங்கு பீப்பாய்கள் குவிந்திருக்கின்றன, விற்பனை இறங்குகிறது. 2025 ஜனவரியில் பிரவுன்-ஃபோர்மன் லூயிவிலில் இருந்த தன் பீப்பாய்ப் பட்டறையை மூடப்போவதாக அறிவித்தது. அந்த மார்ச் மாதம் கனடாவின் மாகாணங்கள் அமெரிக்க மதுவைக் கடைகளிலிருந்து எடுத்தன. பூட்டிய அலமாரியில் இருந்த பாட்டில்கள் சில ஊர்களில் திறந்த தட்டுக்கு வந்துவிட்டன. நம் குழுவில் அதைக் கொண்டாடினார்கள். எனக்குக் கொண்டாட முடியவில்லை. பட்டறை மூடினால் முதலில் வீட்டுக்குப் போவது அந்தப் பலகைகளை அடுக்கியவர்.

அவர் செய்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். அகலமும் ஒடுக்கமுமாக முப்பது சொச்சம் பலகைகளைக் கண்ணாலேயே அளந்து பொறுக்கி, ஒரு வளையத்துக்குள் நிற்க வைக்கிறார். ஆணி இல்லை, பசை இல்லை. ஆவியில் மரம் இளகியதும் இறுக்கிக் கட்டுகிறார்கள். பிறகு உள்ளே தீ. நான்காம் எண் கருக்கலுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் போதும். முதலையின் தோலைப் போல உட்புறம் வெடித்துக் கிடக்கும். 53 கேலன் கொள்ளும் அந்தப் பீப்பாய் பர்பனுக்கு ஒரே ஒரு முறைதான் பயன்படும். அதன் பிறகு ஸ்காட்லாந்துக்கோ அயர்லாந்துக்கோ மெக்சிகோவுக்கோ போகும். பெங்களூரின் அம்ருத் ஆலைக்கும் பர்பன் ஊறிய பீப்பாய்கள் போகின்றன.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. பாட்காஸ்ட் நடத்துகிறவர்கள் அடுத்து யாரை அழைக்கலாம் என்று நம்மிடமே கேட்கிறார்கள். அப்போது புதுப் பாட்டிலின் பெயரை எழுதாதீர்கள். பீப்பாய் செய்கிறவரை அழையுங்கள், கிடங்கில் இரவுக் காவல் பார்க்கிறவரை அழையுங்கள், பூஞ்சை அப்பிய வீட்டில் குடியிருப்பவரை அழையுங்கள் என்று எழுதுங்கள். நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு குரல் பத்துக் குரலானால் அவர்கள் கேட்பார்கள்.

இரண்டாவது, இலையுதிர் காலத்தில் நாம் சேர்ந்து போகும் கென்டக்கிப் பயணத்தைப் பற்றி. இந்த முறை ஆலைகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு லெபனான் ஊருக்குப் போவோம். அங்கே இன்டிபென்டன்ட் ஸ்டேவ் நிறுவனத்தின் கென்டக்கி கூப்பரேஜ் இருக்கிறது, பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். வேலைநாளில்தான் பட்டறையைப் பார்க்க முடியும் என்பதால் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்புப் போட வேண்டியிருக்கும். செருப்பு போட்டு வந்தால் உள்ளே விடமாட்டார்கள், ஷூ போட்டு வாருங்கள். வருகிறவர்கள் பெயர் கொடுங்கள், நான் முன்பதிவு செய்கிறேன்.

அன்புடன்,
சின்சினாட்டியிலிருந்து உங்கள் நண்பன்